விமான டிக்கெட்டுக்கு முன்னால் வருமானச் சான்று

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம். விருத்தாசலத்தை அடுத்த காலனி ஒன்றிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். நான் பாடம் நடத்திய பள்ளியில் படித்தவர். அப்பா இல்லை. அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, இரண்டு வருடம் கிராமச் சுகாதாரப் பணி பார்த்திருந்தார். கைப்பேசியைத் திறந்து ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்புக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தந்திருந்தது.

"சீட்டு கிடைச்சிடுச்சு சார். இனிமே பணம் மட்டும்தான்" என்றார்.

கடிதத்தை முழுதாகப் படித்தேன். ஆங்கிலத் தேர்வு எழுதி மதிப்பெண் காட்டினால்தான் இடம் உறுதி என்று அதில் இருந்தது. அவர் இன்னும் தேர்வு எழுதவில்லை. பாஸ்போர்ட் எடுக்கவில்லை. வருமானச் சான்று, கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. சாதிச் சான்றில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பட்டச் சான்றில் இன்னொரு மாதிரி. மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அந்த ஆண்டு தந்திருந்த தேதி முடிந்துவிட்டது. வகுப்போ செப்டம்பரில் தொடங்குகிறது.

அந்த வருடம் போயிற்று.

கிளம்பும்போது வாசலில் நின்று அவர் கேட்டார்: "இதையெல்லாம் நமக்கு யாரு சார் சொல்றது?"

எனக்கு அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. சில வீடுகளில் சித்தப்பா நியூஜெர்சியில் இருப்பார். அக்கா ஜெர்மனியில் படித்திருப்பார். எந்த மாதம் எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே வந்து சேர்ந்துவிடும். நம் தெருவில் முதல் பட்டதாரிக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மதிப்பெண்ணில் குறை இல்லாத பிள்ளைகள் தேதியில் தவறிப் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஏழெட்டுப் பேருக்கு விண்ணப்ப வேலையில் உதவியதில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணல் செய்த ஏற்பாடு

அண்ணல் அம்பேத்கர் 1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கினார். பரோடா மன்னர் தந்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்தாண்டு பரோடா அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே கப்பல் ஏறினார். 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ. 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளி. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நிற்க, ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

திரும்பும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கி வைத்தார். பரோடாவில் தங்க ஓர் அறை கூடக் கிடைக்காமல் அவர் பட்ட அவமானம் எல்லோரும் அறிந்தது. பிறகு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். பார்சி நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கினார். 1920இல் மறுபடியும் லண்டன் போனார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

அவருடைய அறிவைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவர் அனுமதி வாங்கி வைத்ததையும், மூன்று இடங்களில் பணம் சேர்த்ததையும் பேசுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு வேண்டியது அந்தப் பாடம்.

பணம் எங்கே இருக்கிறது?

முதலாவது, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. மீதி, சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. 30 சதவீதம் பெண்களுக்கு. முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்டமும் மட்டுமே இதில் வரும். இளநிலைப் படிப்புக்கு இல்லை. வயது 35க்குள் இருக்க வேண்டும். தகுதிப் படிப்பில் 60 சதவீத மதிப்பெண். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள். சேரும் பல்கலைக்கழகம் க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும்.

தேர்வானால் படிப்புக் கட்டணம், விசா, விமானம், மருத்துவக் காப்பீடு ஆகியவை இதில் அடங்கும். வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் 15,400 டாலர், இங்கிலாந்தில் 9,900 பவுண்டு.

இரண்டாவது, தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர் கல்வித் திட்டம். இதில் ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை கிடைக்க வழி உண்டு. வருமான வரம்பு, கடைசித் தேதி ஆகியவற்றை ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டாயம் போய்க் கேட்க வேண்டும். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அவர்கள் மத்தியப் பட்டியலில் இல்லை. அதனால் முதல் கதவு அவர்களுக்கு மூடியிருக்கிறது. மாநிலத் திட்டத்தின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, சாதி பார்க்காத பொதுப் போட்டிகள். பிரிட்டிஷ் அரசின் செவனிங், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் நேரு, ஜெர்மனியின் டாட். செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். எராஸ்மஸ் முண்டஸில் தேர்வானால் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். "அதெல்லாம் கான்வென்ட் பிள்ளைகளுக்கு" என்று நம்மவர்கள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். கிராமத்தில் இரண்டு வருடம் உழைத்த அனுபவத்துக்கு இந்தப் போட்டிகளில் நல்ல மதிப்பு உண்டு.

ஒரு கதவை மட்டும் நம்பாதீர்கள்

மத்தியத் திட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2022இல் விதி மாற்றப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றார்கள். 1916இல் கொலம்பியாவில் அண்ணல் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றியது. இன்றைய விதிப்படி அந்தத் தலைப்போடு அவரே விண்ணப்பித்தாலும் திருப்பி அனுப்புவார்கள். இந்த விதியை எதிர்த்துப் பேச வேண்டும், பேசிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் விண்ணப்பம் போடும் பிள்ளை, தன் பாடத் தலைப்பு இதில் மாட்டுகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜூலையில் இன்னொன்று நடந்தது. அந்த ஆண்டு தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பார்த்துத் தருவோம் என்றார்கள். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது தேர்வுப் பட்டியலில் பெயர் இருந்தும் கையில் கடிதம் இல்லாத நிலை எப்படி இருக்கும்? அரசின் கடமையை அரசுக்கு நினைவூட்டுவது நம் இயக்கங்களின் வேலை. மத்தியத் திட்டம், மாநிலத் திட்டம், பொதுப் போட்டி ஒன்று என மூன்றிலும் விண்ணப்பிப்பது பிள்ளைகளின் வேலை. கூடவே, சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதில் வாங்கி வையுங்கள். லண்டனில் அண்ணல் செய்தது அதுதான்.

பதினேழு மாதக் கணக்கு

அடுத்த ஆண்டு செப்டம்பரில் வகுப்பு என்றால் இந்த ஆண்டு ஏப்ரலில் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: பாஸ்போர்ட், சாதிச் சான்று, பெயர்த் திருத்தம், மதிப்பெண் விவரப் பட்டியல். ஜூலை, ஆகஸ்ட்: ஆங்கிலத் தேர்வு. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை: பல்கலைக்கழகங்களுக்கும் பொதுப் போட்டிகளுக்கும் விண்ணப்பம். செவனிங் ஆகஸ்டிலேயே திறந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை: பதில்கள் வரும். நிபந்தனையோடு வந்த இடத்தை நிபந்தனையற்றதாக மாற்ற வேண்டும். மத்திய உதவித்தொகைக்கு நிபந்தனையற்ற கடிதமே வேண்டும். அதன்பின் அரசு உதவித்தொகை விண்ணப்பம். மே முதல் ஆகஸ்ட் வரை: விசா, மருத்துவச் சோதனை, தங்குமிடம், டிக்கெட்.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். அதனால் அதை முதலிலேயே வாங்கிவிட்டு, விண்ணப்ப நேரத்தில் காலாவதியாகிப் போய் நிற்கக் கூடாது. ஜனவரி வாக்கில் இ-சேவை மையத்தில் புதிதாகப் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். தேர்தல், வெள்ளம், பொங்கல் விடுமுறை எது வந்தாலும் கோப்பு நிற்கும். ஒரு மாதத்தைக் கணக்கில் கூடுதலாக வையுங்கள்.

இனிஷியல் என்னும் முள்

நம் ஊர்ப் பெயர்முறை நமக்குப் பெருமை. பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டாத ஊர் இது. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: கிவன் நேம், சர்நேம். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்ற பொருளில் எஃப்.என்.யு. என்று அச்சடித்து வரும். பிறகு வங்கிக் கணக்கு, கல்லூரி அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து கூடவே வரும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசா மறுக்கிறது. அப்பா அல்லது அம்மாவின் பெயரை விரித்து சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துக்கூட்டல். அந்தப் பெண்ணின் அப்பா பெயர் கலியபெருமாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதை மூன்று விதமாக எழுதலாம். அவருடைய ஆதாரில் ஒன்று, சாதிச் சான்றில் ஒன்று, பட்டச் சான்றில் ஒன்று இருந்தன. பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் எழுதியதும், தாலுகா அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்ததும் வேறு வேறு. கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோர் அதைச் சரிபார்க்க எப்படி முடியும்?

எந்தச் சான்று மாற்றக் கடினமோ அதை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். பெரும்பாலும் அது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றாக இருக்கும். ஆதாரையும் சாதிச் சான்றையும் அதன்படி மாற்றுங்கள். திருத்தவே முடியாத இடத்தில், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளலாம். பெயரே மாறுகிறது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். இந்த வேலைக்கு நான்கைந்து மாதம் கூட ஆகலாம். அதனால்தான் இது முதலில் வருகிறது.

ஆங்கிலம், கடிதம், கையெழுத்து

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தாட்கோ மூலம் ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், ஜிஆர்இ பயிற்சி அளிக்கப்படுகிறது. தனியார் மையத்தில் பணம் கட்டும் முன் மாவட்டத் தாட்கோ மேலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு எழுதுவதைவிடப் பேசுவதே தடையாக இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் ஒரு செய்தியை உரக்கப் படித்து, அதைப் புத்தகத்தை மூடிவிட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். தப்பாக வந்தால் வரட்டும். அந்தப் பெண் முந்திரித் தோப்பில் நின்று மரங்களிடம் பேசிப் பழகினார்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம் ஒன்று எழுத வேண்டும். நம் பிள்ளைகள் இதில் இரண்டு தவறு செய்கிறார்கள். சிலர் அம்மா கூலி வேலை செய்வதை மறைத்து, இணையத்தில் கிடைத்த அலங்காரச் சொற்களை ஒட்டுகிறார்கள். சிலர் கஷ்டத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். படிப்பவருக்கு வேண்டியது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. அந்தப் பெண்ணின் முதல் கடிதத்தில் "சுகாதாரத்தில் ஆர்வம் உண்டு" என்று இருந்தது. இரண்டாவது ஆண்டு எழுதியதில், முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்கள் வெந்துபோவதையும், தன் ஊரில் அந்த வேலை செய்யும் பெண்களின் கைப்புண்களைத் தான் வீடு வீடாகப் போய்க் குறித்து வைத்ததையும் எழுதினார். அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு பேராசிரியர்கள் வேண்டும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அப்படியே வந்தாலும், நீங்கள் செய்த பணிகளைப் பட்டியலாகக் கொடுத்து அவர் மொழியில் எழுதச் சொல்லுங்கள். அவருடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து போவது நல்லது. கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

முகவரிடம் போகும் முன்

பேருந்து நிலையத்துக்கு எதிரே பளபளக்கும் பலகையோடு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. எல்லாரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் பலருக்கு வருமானம், மாணவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகம் தரும் கமிஷனில் வருகிறது. கமிஷன் தரும் பல்கலைக்கழகம் முதல் 500க்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கே சேர்ந்துவிட்டால் மத்திய உதவித்தொகைக்கான தகுதி இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் இருந்த ஒன்றரை ஏக்கரில் பாதியை விற்றது.

பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் கேட்டால், உங்கள் வருமானத்தைச் சொல்லி விலக்கு கேட்டு எழுதுங்கள். கேட்டவர்களுக்குப் பல இடங்களில் கொடுத்திருக்கிறார்கள். தன்னார்வப் பணி என்றோ பயிற்சி என்றோ சொல்லி முன்பணம் கேட்டு, சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்தால் பிடிபடுவது நீங்கள், அவர் அல்ல.

விசாவும் முதல் மாதமும்

உதவித்தொகை வந்தாலும் முதல் சில வாரச் செலவு நம் கையிலிருந்துதான் போகும்.

இங்கிலாந்து போகிறவர்கள் விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விசா ஓராண்டுக்கு மேல் தரப்படுவதால் ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 பவுண்டு ஆகும். சொந்தப் பணத்தைக் காட்டுகிறவர்கள் அதை 28 நாள் தொடர்ச்சியாக வங்கியில் வைத்திருக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் மறுப்பார்கள். அரசு உதவித்தொகைக் கடிதத்தில் வாழ்க்கைச் செலவும் அடங்கியிருந்தால் அந்தக் கடிதமே போதும். காசநோய்ச் சோதனையை இங்கிலாந்து அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், சென்னையில் உண்டு.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. இதைக் கேட்டுவிட்டுச் செலவே இல்லை என்று நினைக்கக் கூடாது. ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள விதி. ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும்.

மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முழு ஆவணம் தராமல் திறந்த சிறு கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. பெரிய தொகை வரும் நாளில் இதனால் பணம் திரும்பிப் போகலாம். உதவித்தொகை கிடைக்காதவர்கள் தேசியப் பட்டியல் சாதியினர் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடனைப் பற்றித் தாட்கோவில் கேளுங்கள்.

தங்குமிடத்துக்குப் பல்கலைக்கழக விடுதியில் முதல் நாளே விண்ணப்பியுங்கள். வெளியே வீடு தேடினால் உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பார்கள். படத்தை மட்டும் பார்த்து யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.

பெட்டியில் அரிசி மூட்டை வேண்டாம். அங்கேயும் அரிசி கிடைக்கும். குளிர்கோட்டும் அங்கே வாங்குவதே சரி. இங்கே வாங்குவது அந்தக் குளிருக்குத் தாங்காது. மருந்து கொண்டுபோனால் ஆங்கிலத்தில் மருத்துவர் சீட்டு வேண்டும். மூலச் சான்றிதழ்கள் கைப்பையில் இருக்கட்டும். 1917இல் அண்ணல் ஊர் திரும்பியபோது அவருடைய புத்தகங்களும் உடைமைகளும் தனியாக வந்த கப்பல், போரில் தாக்கப்பட்டு மூழ்கிப் போனது. உங்களுக்கு அந்த இழப்பு வேண்டாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் வையுங்கள். போய் இறங்கியதும் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் மாணவராகப் பதிவு செய்யுங்கள். அதன் பெயர் 'மதத்', உதவி என்று பொருள்.

அங்கேயும் கேட்பார்கள்

விசா வந்த அன்று அந்தப் பெண் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அங்க போனா நாம யாருன்னு யாருக்கும் தெரியாதுல்ல சார்?"

"வெள்ளைக்காரனுக்குத் தெரியாதும்மா. நம்மாளுக்குத் தெரியும்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் அனுப்புவது தவறு.

போன மூன்றாம் வாரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அறை தேடியபோது ஒரு விளம்பரத்தில் 'சைவம் மட்டும்' என்று இருந்ததாம். இன்னோர் இடத்தில் தமிழ் பேசும் ஒருவர், "எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியின் பொருள் நம் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் நைஜீரிய, நேபாள மாணவிகளோடு அறை எடுத்துக்கொண்டார்.

இதை எதிர்கொள்ள இன்று கொஞ்சம் சட்டத் துணையும் இருக்கிறது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாடு தடுப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களுக்கும் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். அந்தப் போராட்டம் முடியவில்லை. இங்கிலாந்தில் சாதியும் இனப் பின்னணிக்குள் அடங்கக் கூடும் என்று 2014இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. சேரும் பல்கலைக்கழகத்தின் விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். யாரிடம் புகார் தர வேண்டும் என்பதைக் குறித்து வையுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். சொல்வதா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. தன் சாதியைச் சொல்லாமல் இருக்கும் பிள்ளையை யாரும் கோழை என்று சொல்ல வேண்டாம். எங்கே பாதுகாப்பு, எங்கே இல்லை என்பது அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

முதல் குளிர்காலம் கடினம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அழுகை வரும். மாணவர் நல ஆலோசகரைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில் பேசுங்கள். அவர் அந்த நேரத்துக்காக வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

அந்த மஞ்சள் ஃபைல்

அந்தப் பெண் இரண்டாவது ஆண்டு முறையாகத் தொடங்கினார். மூன்று இடங்களில் விண்ணப்பித்தார். இரண்டில் கிடைக்கவில்லை. ஒன்றில் அரசு உதவித்தொகை கிடைத்தது. படிப்பை முடித்துவிட்டார், இப்போது தொழிலாளர் நலம் தொடர்பான ஆய்வு வேலையில் இருக்கிறார்.

போகும் முன் ஒரு மஞ்சள் ஃபைலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எந்தச் சான்றுக்கு எந்த மேசை, எத்தனை நாள், என்ன கட்டணம், எந்தக் கடிதம் எத்தனை முறை திரும்பி வந்தது என்று எல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தார். கடைசித் தாளில், தான் செய்த தவறுகளின் பட்டியல். முதல் வரி: "பாஸ்போர்ட்டை முதல்லயே எடுக்கல."

அதை நகல் எடுத்து எங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் வைத்திருக்கிறோம். இதுவரை ஆறு பேர் எடுத்துப் போய்த் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு தாள் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாராவது வெளிநாடு போய்ப் படித்திருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு மாலை நேரம் படிப்பகத்தில் உட்காரச் சொல்லுங்கள். மேடையும் மாலையும் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரும் ஒரு ஃபைலும் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் கல்லூரிக் கடைசி ஆண்டுப் பிள்ளை இருந்தால், இந்த வாரமே சாதிச் சான்றையும் ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?